போஸ்ட்ஃபிக்ஸ்: ‘ஆல்@’ முகவரியை உள்ளிருப்பவர்களுக்கு மட்டும் திறந்து வைப்பது எப்படி?

சேவகன்25

வணக்கம். எங்கள் மெயில் சர்வர்: டெபியன் 12, போஸ்ட்ஃபிக்ஸ் 3.7 (மெயிலை வாங்கி அனுப்பும் நிரல்), பயனர் சரிபார்ப்புக்கு டவ்காட். 140 மெயில் பெட்டிகள். இரண்டு கட்டுப்பாடுகள் வேண்டும்.

முதலாவது: ஆல்@எக்ஸாம்பிள்.காம் எல்லா ஊழியருக்கும் விரியும் ஏலியாஸ். அதற்கு வெளியாள் எழுதவே முடியக் கூடாது. இரண்டாவது: ஆறு பயிற்சியாளர் கணக்குகள் நம் டொமைனுக்குள் மட்டும்தான் அனுப்ப வேண்டும்.

இப்போது போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப் கோப்பில் இருப்பது:

எஸ்எம்டிபிடி_ரிலே_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் =
எஸ்எம்டிபிடி_ரெசிபியண்ட்_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் =
  பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ்,
  பெர்மிட்_சாஸல்_ஆதென்டிகேட்டட்,
  செக்_சென்டர்_ஆக்சஸ் ஹாஷ்:வெள்ளை,
  ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷன்,
  செக்_ரெசிபியண்ட்_ஆக்சஸ் ஹாஷ்:பெறுநர்

‘வெள்ளை’ டேபிளில் ‘எக்ஸாம்பிள்.காம் ஓகே’ என்ற வரியும், சில வாடிக்கையாளர் டொமைன்களும் இருக்கின்றன. ‘பெறுநர்’ டேபிளில் ‘ஆல்@எக்ஸாம்பிள்.காம் ரிஜெக்ட்’. அப்படியும் வெளியிலிருந்து ஆல்@ முகவரிக்கு ஸ்பாம் வந்து விழுகிறது. பயிற்சியாளர் கட்டுப்பாட்டை எங்கே வைப்பதென்றும் புரியவில்லை. (இங்கே பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் வழக்கம்போல ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் இருக்கின்றன. டேபிள்களுக்கு முழுப் பாதையும் உண்டு.)

வாயிற்காவல்

ஆல்@ பிறகு பார்க்கலாம். முதலில் இதைச் சரி செய்யுங்கள்: உங்கள் சர்வர் இப்போது ஓப்பன் ரிலே, அதாவது யாருடைய மெயிலையும் எங்கேயும் கடத்திவிடும் சர்வர்.

‘வெள்ளை’ டேபிள் ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷனுக்கு (நம் டொமைன் அல்லாத பெறுநரை மறுக்கும் ரிலே தடை) மேலே இருக்கிறது. அனுப்புநர் முகவரி என்பது எதிர்முனை சொல்வது; அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ‘மெயில் ஃப்ரம்’ வரியில் யாரோ@எக்ஸாம்பிள்.காம் என்று சொன்னாலே டேபிள் ஓகே தரும், அந்தப் பட்டியல் அங்கேயே முடிந்துவிடும். ரிலே தடை வரைக்கும் போகவே போகாது. உலகத்தில் எந்த முகவரிக்கு வேண்டுமானாலும் உங்கள் ஐபி வழியே அனுப்பலாம். ஆல்@ முகவரிக்கு ஸ்பாம் வருவதும் இதே ஓட்டை வழியாகத்தான்.

இந்தத் தவறு பலருக்கும் நேர்ந்ததால்தான் 2.10 பதிப்பில் ரிலே_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்று தனிப் பட்டியல் கொண்டுவந்தார்கள். நீங்கள் அதைக் காலியாக்கி வைத்திருப்பதால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. இப்படி மாற்றுங்கள்:

எஸ்எம்டிபிடி_ரிலே_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் =
  பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ்,
  பெர்மிட்_சாஸல்_ஆதென்டிகேட்டட்,
  ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷன்

ரீலோட் செய்துவிட்டு வெளியே வேறொரு நெட்வொர்க்கிலிருந்து 25ஆம் போர்ட்டில் டெல்நெட் போட்டுச் சோதியுங்கள். அனுப்புநர் உங்கள் டொமைன், பெறுநர் வேறு டொமைன். 554 5.7.1, ‘ரிலே ஆக்சஸ் டினைட்’ என்று வர வேண்டும். 250 வந்தால் இன்னும் திறந்தே இருக்கிறது. அலுவலக லேனிலிருந்து சோதித்தால் பயனில்லை. மைநெட்வொர்க்ஸ் (நம்பகமான ஐபிகளின் பட்டியல்) உங்களை உள்ளே விட்டுவிடும். வீட்டு இணைப்பிலிருந்து முயன்று டெல்நெட் இணையவே இல்லையென்றால், பல இணைய நிறுவனங்கள் 25ஐ வெளியே விடுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். அதைச் சர்வரின் பதில் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் மெயில்கியூவை (அனுப்பக் காத்திருக்கும் மெயில்களின் வரிசை) பாருங்கள். யாராவது ஏற்கெனவே இந்த வழியைக் கண்டுபிடித்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

சேவகன்25

மாற்றிவிட்டேன். 554 வருகிறது. கியூவில் 300க்கு மேல் அந்நிய முகவரிகள் இருந்தன. அவற்றை ஹோல்டில் போட்டுவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம்: ரிலே பட்டியலில் பெர்மிட் கிடைத்துவிட்டால், ரெசிபியண்ட் பட்டியலை அது பார்க்குமா, பார்க்காதா?

நாலாம்கட்டு

பார்க்கும். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிளையண்ட், ஹீலோ, சென்டர், ரிலே, ரெசிபியண்ட், டேட்டா என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பட்டியல். வீட்டுக்கு நாலு கதவு இருக்கிற மாதிரி. ஒரு கதவில் ‘ஓகே’ கிடைத்தால் அந்தக் கதவை மட்டும்தான் தாண்டுகிறீர்கள், அடுத்த கதவு காத்திருக்கிறது. ‘ரிஜெக்ட்’ எந்தக் கதவில் கிடைத்தாலும் கதை முடிந்தது. ‘டன்னோ’ என்றால் இந்த வரிக்குக் கருத்தில்லை, அடுத்த வரியைப் பார் என்று பொருள். டேபிளில் பொருந்தும் பதிவே இல்லாவிட்டாலும் டன்னோதான். பட்டியல் எதுவும் சொல்லாமல் முடிந்தால் அனுமதி என்று கொள்ளும்.

ஆகவே ஒரே பட்டியலுக்குள் வரிசைதான் எல்லாம். உங்கள் பட்டியலில் பெர்மிட்_சாஸல்_ஆதென்டிகேட்டட் (லாகின் செய்தவருக்கு அனுமதி) இரண்டாவது வரி. பயிற்சியாளர் லாகின் செய்து வருகிறார், இரண்டாவது வரியிலேயே பட்டியல் முடிகிறது. அதற்குக் கீழே எத்தனை தடை எழுதினாலும் அவரைத் தொடாது. தடையை பெர்மிட்டுக்கு மேலே வைக்க வேண்டும்.

இன்னொன்று. எஸ்எம்டிபிடி_டிலே_ரிஜெக்ட் இயல்பாகவே ‘யெஸ்’. அதனால் கிளையண்ட் பட்டியலில் மறுத்தாலும் பதில் ‘ஆர்சிபிடி டூ’ வரும்வரை தள்ளிப்போகும். லாகில் அனுப்புநர், பெறுநர் இரண்டும் பதிவாவது இதனால்தான். அதை ‘நோ’ ஆக்க வேண்டாம். ஆக்கினால் சென்டர் பட்டியலுக்குள் ரெசிபியண்ட் சோதனை வைக்கும் வசதியும் போய்விடும்.

‘வெள்ளை’ டேபிளில் ஓகே போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட சோதனையிலிருந்து மட்டும் விலக்கு தர வேண்டுமானால் அந்தச் சோதனை இருக்கும் பட்டியலில், அதற்கு நேர் மேலே வையுங்கள். எல்லாச் சோதனையையும் ஒரே பட்டியலில் அடுக்கினால், ஓகே கீழேயுள்ள அத்தனையையும் தாண்டிவிடும்.

வாயிற்காவல்

இப்போது ஆல்@. சோதனைகளின் தொகுப்புக்கு நாமே ஒரு பெயர் வைத்து, டேபிளிலிருந்து அதை அழைக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸில் அதன் பெயர் ரெஸ்ட்ரிக்‌ஷன் கிளாஸ்:

எஸ்எம்டிபிடி_ரெஸ்ட்ரிக்‌ஷன்_கிளாசஸ் = உள்ளோர்_மட்டும்
உள்ளோர்_மட்டும் =
  பெர்மிட்_சாஸல்_ஆதென்டிகேட்டட், ரிஜெக்ட்

எஸ்எம்டிபிடி_ரெசிபியண்ட்_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் =
  செக்_ரெசிபியண்ட்_ஆக்சஸ் ஹாஷ்:பூட்டியவை,
  பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ்,
  பெர்மிட்_சாஸல்_ஆதென்டிகேட்டட்,
  மற்ற சோதனைகள்

‘பூட்டியவை’ டேபிளில்: ஆல்@எக்ஸாம்பிள்.காம் உள்ளோர்_மட்டும்

இணையத்தில் கிடைக்கும் பல குறிப்புகளில் கிளாஸுக்குள் செக்_சென்டர்_ஆக்சஸ் வைத்து அனுப்புநர் டொமைனைப் பார்ப்பார்கள். அது பூட்டே அல்ல. மேலே சொன்ன அதே காரணம்தான், அனுப்புநர் முகவரியைப் பொய்யாகச் சொல்ல முடியும். லாகினை மட்டும் நம்புங்கள்.

பெர்மிட்_மைநெட்வொர்க்ஸையும் கிளாஸுக்குள் நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. பிரிண்டரோ ஸ்கேனரோ எல்லோருக்கும் மெயில் அனுப்ப வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

மணிக்கூண்டு

வாயிற்காவல் சொன்னது வேலை செய்யும், ஆனால் இவருக்கு இவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம். 25ஆம் போர்ட்டில் லாகின் வசதியே இருக்கக் கூடாது. ஊழியர்கள் 587 அல்லது 465 (லாகின் செய்து மெயில் அனுப்புவதற்கான போர்ட்கள்) வழியாகத்தான் வர வேண்டும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தரநிலை ஆவணம், ஆரம்பத்திலிருந்தே டிஎல்எஸ் மறையாக்கம் உள்ள 465ஐத்தான் விரும்பத்தக்கதாகச் சொல்கிறது. அப்படிப் பிரித்துவிட்டால் 25க்கு உரிய டேபிளில் ‘ஆல்@எக்ஸாம்பிள்.காம் ரிஜெக்ட்’ என்ற ஒரு வரி போதும், கிளாஸே வேண்டாம். லாகின் செய்தவருக்கு மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் (ஒவ்வொரு சேவைக்கும் தனி அமைப்பு எழுதும் இடம்) வேறு பட்டியல்:

சப்மிஷன் ஐநெட் ... எஸ்எம்டிபிடி
  -ஓ எஸ்எம்டிபிடி_டிஎல்எஸ்_செக்யூரிட்டி_லெவல்=என்க்ரிப்ட்
  -ஓ எஸ்எம்டிபிடி_சாஸல்_ஆத்_எனேபிள்=யெஸ்
  -ஓ எஸ்எம்டிபிடி_ரிலே_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்=பெர்மிட்_சாஸல்_ஆதென்டிகேட்டட்,ரிஜெக்ட்
  -ஓ எஸ்எம்டிபிடி_ரெசிபியண்ட்_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்=$ஊழியர்_ரெசிபியண்ட்

கடைசி வரியில் டாலர் குறியோடு இருப்பது நானே வைத்த பெயர். பட்டியலை மெயின்.சிஎஃப் கோப்பில் ‘ஊழியர்_ரெசிபியண்ட் = ...’ என்று எழுதிவிட்டு இங்கே சுட்டுகிறேன். காரணம் உண்டு: மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் ‘-ஓ’ வரிகளில் சமக்குறிக்கு இருபுறமும், காற்புள்ளிக்குப் பின்னும் இடைவெளி விடக் கூடாது. ஓர் இடைவெளி விழுந்தால் எஸ்எம்டிபிடி ஃபேட்டல் எரருடன் இறங்கும். 587இல் இணைத்ததும் துண்டித்துக்கொண்டே இருக்கும், 25 மட்டும் நன்றாக ஓடும். டேபிள் பெயரோடு வரும் சோதனைகளில் இடைவெளிக்குப் பதிலும் காற்புள்ளி போட வேண்டியிருக்கும். அதனால் பட்டியலை மெயின்.சிஎஃப் கோப்பில் வைப்பதே சுலபம்.

வாயிற்காவல்

587, 465ஐப் பிரிப்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஈஆர்பி (நிறுவன நிர்வாக மென்பொருள்) மாதிரி ஏதாவது லேனிலிருந்து 25 வழியே ஆல்@ முகவரிக்குச் சம்பள அறிவிப்பு அனுப்பினால்? வெறும் ரிஜெக்ட் அதையும் தடுக்கும்; அந்த ஐபிக்கு மட்டும் விலக்கு தர கிளாஸ்தான் கைகொடுக்கும். சேவகன்25, உங்களிடம் அப்படி எதுவும் இல்லையென்றால் மணிக்கூண்டு சொன்னபடியே செய்யுங்கள்.

சேவகன்25

ஈஆர்பி ஒன்று இருக்கிறது. அதனால் கிளாஸை வைத்துக்கொண்டு போர்ட்டையும் பிரித்தேன். இப்போது ஆல்@ முகவரிக்கு உள்ளிருந்து அனுப்பினாலும் ‘451 4.3.5 சர்வர் கான்ஃபிகரேஷன் எரர்’ வருகிறது. மற்ற முகவரிகளுக்குப் போகிறது.

நாலாம்கட்டு

ஒரு முகவரிக்கு மட்டும் 451 4.3.5 என்றால் அந்த வரி சுட்டும் கிளாஸ் பெயரைப் போஸ்ட்ஃபிக்ஸ் அடையாளம் காணவில்லை. லாகில் ‘அன்னோன் எஸ்எம்டிபிடி ரெஸ்ட்ரிக்‌ஷன்’ என்ற எச்சரிக்கை இருக்கும். பெயரை கிளாசஸ் வரியில் அறிவிக்க மறந்திருப்பீர்கள், இல்லாவிட்டால் டேபிளில் எழுத்துப்பிழை. கிளாஸை வரையறுப்பது மட்டும் போதாது, அறிவிக்கவும் வேண்டும்.

எல்லா முகவரிக்கும் 451 வந்தால் வேறு காரணம்: டேபிளுக்குப் போஸ்ட்மேப் (உரைக் கோப்பைத் தரவுத்தளமாக்கும் கட்டளை) ஓட்டாததால் .டிபி கோப்பு இல்லை. ஹாஷ் டேபிளை மாற்றினால் போஸ்ட்மேப் போதும், ரீலோட் தேவையில்லை. சிஐடிஆர், ரெஜெக்ஸ்பி, பிசிஆர்இ டேபிள்கள் நேர்மாறு: போஸ்ட்மேப் தேவையில்லை, ரீலோட் வேண்டும். பெர்க்லி டிபியைக் கைவிட்ட புதிய லினக்ஸ் வெளியீடுகளுக்கு மாறும்போது ஹாஷ் என்பதை எல்எம்டிபி என்று மாற்றிப் போஸ்ட்மேப்பை மறுபடி ஓட்ட வேண்டிவரும்.

சேவகன்25

அறிவிப்பு வரியில் ஓர் அடிக்கோடு விட்டுப்போயிருந்தது. சரியாகிவிட்டது, நன்றி. இனி பயிற்சியாளர்கள்.

மணிக்கூண்டு

இதற்கு 2.11 முதல் செக்_சாஸல்_ஆக்சஸ் இருக்கிறது. அனுப்புநர் முகவரியை விட்டுவிட்டு லாகின் பெயரைத் தேடும். பொய் சொல்லித் தப்ப வழியில்லை.

ஊழியர்_ரெசிபியண்ட் =
  செக்_சாஸல்_ஆக்சஸ் ஹாஷ்:பயிற்சியாளர்,
  செக்_ரெசிபியண்ட்_ஆக்சஸ் ஹாஷ்:பூட்டியவை,
  பெர்மிட்_சாஸல்_ஆதென்டிகேட்டட், ரிஜெக்ட்

‘பயிற்சியாளர்’ டேபிளில் ஆறு லாகின் பெயர்களுக்கும் நேரே ‘உள்ளூர்_மட்டும்’. கிளாஸின் வரையறை ஒரே சொல்:

உள்ளூர்_மட்டும் = ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷன்

தனியாக டொமைன் டேபிள் கட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு சோதனையே நம் டொமைனா, ரிலே_டொமைன்ஸ் பட்டியலில் இருப்பதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுத்துவிடும். இருந்தால் டன்னோ தரும், அடுத்த வரிக்குப் போகும். ‘உள்ளூர்_மட்டும்’ பெயரையும் கிளாசஸ் வரியில் சேர்க்க மறக்காதீர்கள்.

லாகின் பெயர் டவ்காட்டில் எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் எழுதுங்கள். டொமைனோடு லாகின் செய்தால் டொமைனோடு. லாகில் ‘சாஸல்_யூசர்நேம்=’ என்று வருவதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இதோடு சென்டர் லாகின் மேப்பும் (எந்த லாகின் எந்த முகவரியில் அனுப்பலாம் என்ற டேபிள்) போடுங்கள். இல்லையென்றால் பயிற்சியாளர் தன் பெயரில் லாகின் செய்து மேலாளர் முகவரியில் ஆல்@ முகவரிக்கு எழுதலாம். 587இல் சென்டர் பட்டியலில் ரிஜெக்ட்_சென்டர்_லாகின்_மிஸ்மேட்ச். அதற்கு மேலே எந்த பெர்மிட்டும் இருக்கக் கூடாது. இது பார்ப்பது உறை மேல் இருக்கும் முகவரியை மட்டும். மெயிலைத் திறந்தால் தெரியும் ‘ஃப்ரம்’ தலைப்பை இது தொடாது. அதற்கு ஆர்ஸ்பாம்டி போன்ற மில்ட்டர் (மெயில் வடிகட்டி) தேவை.

ஓட்டைதேடி

பட்டியல்கள் எல்லாம் சரி. இவை எதுவும் பார்க்காத வழிகளைச் சொல்கிறேன்.

முதலில் வெப்மெயில். ரவுண்ட்கியூப் அதே சர்வரில் இருந்து, லாகின் இல்லாமல் 127.0.0.1இன் 25க்கு அனுப்பினால், பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ் அதை அப்படியே விடும். பயிற்சியாளர் தடை வெப்மெயிலில் வேலை செய்யாது. பயனர் பெயர், கடவுச்சொல்லுடன் 587க்கு அனுப்பும்படி மாற்றுங்கள்.

அடுத்தது சென்ட்மெயில் கட்டளை. சர்வரில் ஓடும் பிஎச்பி நிரல் சென்ட்மெயில் வழியே அனுப்பினால் எஸ்எம்டிபி உரையாடலே நடக்காது, எஸ்எம்டிபிடி பட்டியல் ஒன்றுகூட இயங்காது. ஆத்தரைஸ்ட்_சப்மிட்_யூசர்ஸ் இயல்பாக எல்லோரையும் அனுமதிக்கும். வெப் சர்வர் பயனரை அதில் தடுக்கலாம்.

ஏலியாஸ். ஆக்சஸ் டேபிள் பார்ப்பது ‘ஆர்சிபிடி டூ’ வரியில் வந்த முகவரியை. ஏலியாஸ் விரிவது அதற்குப் பிறகு. ஊழியர்கள்@ என்று இன்னோர் ஏலியாஸ் ஆல்@ முகவரிக்குப் போகிறதென்றால் பூட்டு அங்கே இல்லை. ஆல்@ முகவரியில் முடியும் எல்லாப் பெயரையும் தேடி டேபிளில் சேருங்கள். கூட்டல் குறியை ரெசிபியண்ட்_டிலிமிட்டராக வைத்திருந்தால் ஆல்+ஏதோ@ என்று எழுதினாலும் ஹாஷ் டேபிள் ஆல்@ பதிவைத் தேடிப் பிடித்துவிடும். ரெஜெக்ஸ்பி, பிசிஆர்இ டேபிள்கள் முகவரியைப் பிரித்துத் தேடுவதில்லை, அங்கே நீங்கள்தான் வடிவத்தில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக மைநெட்வொர்க்ஸ், என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய ஓட்டை இதுதான். 3.0க்கு முன் மைநெட்வொர்க்ஸ்_ஸ்டைலின் இயல்பு ‘சப்நெட்’, பிறகு ‘ஹோஸ்ட்’. பழைய கோப்பை அப்படியே தூக்கி வந்து கம்பாட்டிபிலிட்டி_லெவல் போடாதவர்களுக்குப் பழைய ‘சப்நெட்’ தொடரும். வாடகை சர்வரில் பக்கத்துச் சர்வர்காரர்கள் எல்லாம் உங்கள் ‘உள்ளோர்’ ஆகிவிடுவார்கள். டாக்கரில் ஓட்டுகிறவர்கள் 172.17.0.0/16ஐ மைநெட்வொர்க்ஸில் போட வேண்டாம். டாக்கரின் யூசர்லேண்ட் ப்ராக்ஸி வழியே வரும் வெளி இணைப்புகள் 172.17.0.1 என்ற ஒரே முகத்தோடு வரும், உலகமே உள்ளே வந்த மாதிரி. பேக்கப் எம்எக்ஸ் (முதன்மைச் சர்வர் இல்லாதபோது மெயிலை வாங்கிவைக்கும் சர்வர்) ஐபியையும் அதில் போட வேண்டாம்.

போஸ்ட்கான்ஃப் மைநெட்வொர்க்ஸ் என்று ஓட்டிப் பாருங்கள். லூப்பேக்கும் ஈஆர்பி ஐபியும் தவிர எது இருந்தாலும் ஏன் இருக்கிறது என்று கேளுங்கள்.

சேவகன்25

192.168.0.0/16 முழுவதும் இருந்தது. எடுத்துவிட்டேன். நேரடியாக மாற்றினால் நல்ல மெயில் ஏதாவது தடைபடுமோ என்று பயமாக இருக்கிறது. முன்கூட்டியே பார்க்க வழி உண்டா?

நாலாம்கட்டு

உண்டு. எந்தச் சோதனைக்கு முன்னாலும் வார்ன்_இஃப்_ரிஜெக்ட் என்று சேர்த்தால் மறுக்காது. ‘ரிஜெக்ட்_வார்னிங்’ என்று லாகில் மட்டும் எழுதும். ஒரு வாரம் விட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம். முழுச் சர்வருக்கும் வேண்டுமானால் சாஃப்ட்_பவுன்ஸ்=யெஸ்: 5இல் தொடங்கும் மறுப்புகள் 4ஆக மாறும், அனுப்பியவர் சர்வர் மறுபடி முயலும். அதை நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டாம்.

டேபிள் என்ன பதில் தரும் என்று பார்க்க போஸ்ட்மேப்பை -கியூ வைத்து ஓட்டுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அது கொடுத்த சொல்லை மட்டும் தேடும். டொமைன், கூட்டல் குறி என்று எஸ்எம்டிபிடி செய்யும் படிப்படியான தேடலைச் செய்யாது. டேபிளில் டொமைன் மட்டும் இருந்து, முழு முகவரியைக் கேட்டால் வெறுமையாக வரும், அது பிழையல்ல.

ரிஜெக்ட்_அன்னோன்_கிளையண்ட்_ஹோஸ்ட்நேம் போன்ற கடும் சோதனைகளுக்கு வார்ன்_இஃப்_ரிஜெக்ட் கட்டாயம் தேவை. பிடிஆர் (ஐபியிலிருந்து பெயரைத் தரும் டிஎன்எஸ் பதிவு) பெயரும், அந்தப் பெயரின் ஐபியும் ஒத்துப்போக வேண்டும் என்கிறது அது. சிறு நிறுவனங்களின் சர்வர்கள் நிறைய தவறிவிடும். பிடிஆர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ரிஜெக்ட்_அன்னோன்_ரிவர்ஸ்_கிளையண்ட்_ஹோஸ்ட்நேம் பெரும்பாலும் போதும். ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸ் ஜென் பட்டியல் பயன்படுத்துவதானால் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியே கேட்காதீர்கள். பட்டியல் விவரத்துக்குப் பதில் 127.255.255.254 என்ற பிழைக்குறி வரும். பதில் மதிப்பைக் குறிப்பிடாமல் எழுதியிருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அதையும் ‘பட்டியலில் உண்டு’ என்று எடுத்துக்கொண்டு வரும் மெயிலையெல்லாம் மறுக்கும். சொந்த அன்பவுண்ட் (டிஎன்எஸ் ரிசால்வர்) ஒன்று ஓட்டி, பெயருக்குப் பின் =127.0.0.[2..11] என்றும் சேர்த்துவிடுங்கள்.

சேவகன்25

வார்ன்_இஃப்_ரிஜெக்ட்டில் நான்கு நாள் ஓட்டினேன். ஆல்@ மீது வெளியிலிருந்து வந்தவை மட்டும்தான் சிக்கின, இப்போது உண்மைத் தடையாக்கிவிட்டேன். பயிற்சியாளர் வெளிமுகவரி சேர்த்தால் அவுட்லுக் அந்த மெயிலையே அனுப்ப மறுக்கிறது, உள் முகவரிகளுக்கும் போகவில்லை. இது சரிதானா?

மணிக்கூண்டு

சரிதான். சர்வர் ஒவ்வொரு பெறுநராகத்தான் சோதிக்கிறது. அந்த ஒருவரை மட்டும் மறுத்திருக்கும். ஒரு பெறுநர் மறுக்கப்பட்டால் முழு மெயிலையும் நிறுத்துவது கிளையண்டின் முடிவு. ‘உள்ளூர்_மட்டும்’ தரும் மறுப்பு ‘ரிலே ஆக்சஸ் டினைட்’ என்றுதான் தெரியும், பயிற்சியாளருக்கு ஒன்றும் புரியாது. முன்கூட்டியே சொல்லிவையுங்கள். டேபிளில் நேரடியாக ரிஜெக்ட் போடும் இடங்களிலாவது பின்னால் காரணத்தை எழுதலாம், அது அனுப்புநருக்கு அப்படியே போகும்.

சேவகன்25

கடைசியாக ஒன்று: ஆல்@ முகவரிக்கு மூன்று பேர் மட்டும் எழுதலாம் என்று மாற்றச் சொல்கிறார்கள். ஈஆர்பியும் அனுப்ப வேண்டும்.

வாயிற்காவல்

கிளாஸை மட்டும் மாற்றினால் போதும்:

உள்ளோர்_மட்டும் =
  செக்_கிளையண்ட்_ஆக்சஸ் சிஐடிஆர்:ஈஆர்பி,
  செக்_சாஸல்_ஆக்சஸ் ஹாஷ்:அறிவிப்போர்,
  ரிஜெக்ட்

‘ஈஆர்பி’ டேபிளில் அந்த ஒரு ஐபி /32 ஓகே. ‘அறிவிப்போர்’ டேபிளில் மூன்று லாகின் பெயர்கள் ஓகே. இங்கே ஓகே போட்டாலும் ஆபத்தில்லை, ரிலே தடை தனிப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இந்த ஓகே ரெசிபியண்ட் பட்டியல் முழுவதையும் முடித்துவிடும் என்பதால் பயிற்சியாளர் வரி இதற்கு மேலேயே இருக்கட்டும். மெயின்.சிஎஃப் மாற்றம் என்பதால் ரீலோட், ‘அறிவிப்போர்’ டேபிளுக்குப் போஸ்ட்மேப். மூவரில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் டவ்காட் கணக்கை மூடும் அதே நாளில் இந்த டேபிளிலிருந்தும் பெயரை எடுத்துவிடுங்கள். அதே லாகின் பெயர் பிறகு வேறொருவருக்குப் போனால் அனுமதியும் சேர்ந்தே போய்விடும்.